மேசையில் இல்லாத பேட்டரி

அத்தியாயம் 6

எலிசாவின் ஆட்டோவில் ஏறும்போதே முழங்கால் வலித்தது. இறங்கும்போது இன்னும் வலிக்கும். போலீஸில் ஏட்டாக முப்பத்தொரு வருஷம் நின்ற கால். ரிட்டயர் ஆன பிறகாவது உட்காரலாம் என்று பார்த்தால் ஊரில் எவனுக்காவது எவன் மேலாவது சந்தேகம் வந்துவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போக வெட்கப்படுகிறவனெல்லாம் என் வாசலில் வந்து நிற்கிறான்.

சீட்டுக்கு அடியில் சாக்கில் பொதிந்த ஏதோ ஒன்று குதிகாலில் இடித்தது. காலைத் தள்ளி வைத்தேன்.

"எலிசா, இந்த வண்டியில மனுசன் கால் வைக்க இடம் உண்டா?"

"செத்தவங்களுக்குத்தான் முதல் இடம் ஏட்டையா. உங்க முறை வரும்ப நல்லா நீட்டிப் படுக்கலாம்."

எலிசாவுக்கு நாற்பத்தேழு வயது. ஆட்டோவின் கூரை மேல் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று கட்டியிருக்கும். சர்ச் சபையில் யாராவது இறந்தால் தெருத் தெருவாகப் போய் அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொல்வது அவள் வேலை. மிச்ச நேரத்தில் எனக்கு அசிஸ்டென்ட். நான் அவளை நியமிக்கவில்லை. அவளாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இன்றைய கேஸ் ஜெபசீலனுடையது. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தக்கலைக்குப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு தராசு செய்துகொண்டிருக்கிறார். காய்கறித் தராசு இல்லை. ஒரு தலைமுடியை வைத்தால் அதற்கும் எடை சொல்லுமாம்.

நாங்கள் போனபோது மணி இரண்டு. ஷெட்டுக்குள் ஈயம் உருக்கிய வாடை. மேசையில் கண்ணாடிக் கூட்டுக்குள் சின்னத் தட்டு, பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் பச்சைப் போர்டு, அதற்குப் பக்கத்தில் லேப்டாப். பச்சைப் போர்டைக் கன்வெர்ட்டர் போர்டு என்றார் ஜெபசீலன். தட்டில் பாரம் விழுந்தால் கொசு மூச்சு மாதிரி ஒரு கரண்டு வருமாம். அதைக் கேட்டு எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்புவது இந்தப் போர்டு. சோதித்துப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்து விற்கிற சாமான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் படித்தவனுக்கு இதுவே அதிகம்.

போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் லேப்டாப்பில் கடைசி நாலு எண்ணும் நிற்காமல் ஆடின.

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி நின்ன எண்ணு. செவ்வாக்கெழம மெஷின வாங்குததுக்குத் திருவனந்தபுரத்துக்காரங்க வந்து பாக்கும்ப இப்படிப் பேயாட்டம் ஆடுது. டெனிஷ் பயல் செய்த வேலையாக்கும் இது" என்றார் ஜெபசீலன்.

டெனிஷ் அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். போர்டை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை, குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை மெஷின் கெட்டுப்போனது. போகிறவன் கெடுத்துவிட்டுப் போகிறான் என்பது ஜெபசீலன் கணக்கு. வந்தவர்கள் முன்னாலேயே அவனைத் திட்டி, மேசைப் பக்கம் வரவிடாமல் வெளியே தள்ளிவிட்டார். சபையிலும் சொல்லியாயிற்று. போலீஸுக்கு எழுதின மனு சட்டைப்பையில் இருக்கிறது, நான் வந்து துப்புத் துலக்கி ஒரு வார்த்தை சொன்னால் பலமாக இருக்கும் என்றார்.

"மனுவ இங்க தாரும். அஞ்சு மணி வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

நாலாக மடித்த காகிதத்தை யோசிக்காமல் கொடுத்துவிட்டார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். யாரையும் நம்பாத நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வயதாகிவிட்டது.

போர்டிலிருந்து ஒரு கறுப்பு வயர் சுவருக்குப் போயிற்று. முனையில் அடாப்டர். கழற்றி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகினேன்.

"ஸ்டேஷன்ல நாய் லீவு போட்டா ஏட்டையாவத்தான் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள் எலிசா.

ஈயம் நாறுகிற ஷெட்டில் அந்த அடாப்டர் மட்டும் அந்துருண்டை வாடை அடித்தது.

டெனிஷின் வீடு அழகியமண்டபம் பக்கம். ஆட்டோ பள்ளத்தில் விழுந்த இடமெல்லாம் சாக்குப் பொதி என் குதிகாலை விசாரித்தது. போய்ச் சேர்ந்தபோது டெனிஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

நான் கேட்கும் முன்னே அவனே சொன்னான். குவைத்துக்காரர்கள் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. இந்த வாரத்தில் விசாரணை வரும். அதற்குள் அவன் பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் சான்றிதழ் வராது. விசா மாத முடிவோடு போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. எனக்கும் தெரியும். அப்படி நின்றுபோன பையன்களின் காகிதங்களை நானே கட்டி வைத்திருக்கிறேன். கேஸ் பொய் என்று இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வரும். விமானம் அதுவரை நிற்காது.

பாவம் என்று தோன்றியது. பாவமாக இருக்கிறவனை எல்லாம் நம்ப முடியாது. திருடனும் மூன்று நாள் சவரம் செய்யாமல் இருப்பான்.

"திங்கக்கெழம சாயங்காலம் நீ கடைசியா என்ன செய்த?"

எல்லாவற்றையும் பூட்டித் தயாராக வைத்துவிட்டு வந்தேன் என்றான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கே முதலாளி களியக்காவிளைக்கு அனுப்பிவிட்டார், வருகிறவர்களை வழிகாட்டிக் கூட்டி வர. திரும்பி வந்தபோது எண் ஆடிக்கொண்டிருந்தது. என்ன என்று பார்க்க விடவில்லை.

அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கேஸைத் திறந்தது.

"நீங்க பாக்கும்ப போர்டுல இருந்து சுவத்துக்கு வயரு போகுதா?"

"போகுது. ஒண்ணு."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நான் சுவத்துல சொருகினதே இல்ல சார். ஒரு நாளும். நான் பேட்டரியிலயாக்கும் ஓட்டினேன். கறுப்பு பேட்டரி, பன்னிரண்டு வோல்ட்டு. மேல வெள்ள மையில என் பேரு எழுதியிருக்கும்."

கரண்டு கரண்டுதானே என்றேன். இல்லை என்று விளக்கினான். அடாப்டர் கரண்டைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறது. செல்போனுக்கோ டிவிக்கோ அது போதும். இந்தப் போர்டு கொசு மூச்சைக் கேட்கிற காது. தெருவில் கல் உடைக்கிற இடத்தில் உட்கார்ந்து கொசு மூச்சைக் கேட்க முடியுமா? பேட்டரியில் சத்தம் இல்லை. அதனால்தான் பேட்டரி. முதலாளியிடம் இதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். விளக்கு எரிகிறதா, போதும் என்று அவர் கையை ஆட்டிவிட்டார்.

"அந்தப் பேட்டரி இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"மேசைக்கு அடியில இருந்துது சார். நீங்க பாக்கல்லியா?"

பார்க்கவில்லை. அங்கே இல்லை.

திரும்பும் வழியில் எலிசா சொன்னாள், "பேட்டரியக் கண்டுபிடிச்சாப் போதும் ஏட்டையா. களவு கேஸ விட லேசு. ஓடாது, பேசாது, வக்கீலு வைக்காது."

"ஒளிச்சு வச்சவன் பேசமாட்டானே."

"பேசுவான். நம்ம ஊருல எவன் பேசாம இருந்திருக்கான்?"

நாலு மணிக்கு ஷெட் வாசலில் நின்று ஜெபசீலனிடம் கேட்டேன், பேட்டரி எங்கே என்று. சத்தமாகத்தான் கேட்டேன். அவர் எந்தப் பேட்டரி என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"அப்போ அதையும் களவாண்டுட்டாக்கும் போயிருக்கான். மனுவில இதையும் சேத்து எழுதணும்."

எலிசா என் காதில், ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பையன் மேல் ஒரு குற்றம் இனாம் என்றாள்.

வீட்டு ஹாலில் உட்காரச் சொன்னார்கள். ஜெபசீலனின் மனைவி தங்கபாய் டீ கொண்டு வந்தார். சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பாட்டு நடத்துகிறவர். டம்ளரை என் முன்னால் வைக்கும்போது தட்டில் கொஞ்சம் சிந்தியது. டீயும் சரியில்லை. அரைமணி நேரம் அடுப்பிலேயே கிடந்து கறுத்த டீ. ஆள் எங்கோ யோசனையாக இருந்தால்தான் டீ அப்படி ஆகும்.

ஒரு வாய் குடித்தேன். அப்போதுதான் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது.

ஹாலின் மூலையில் பூத்தையல் போட்ட துணி மூடி ஏதோ நீளமாக இருந்தது. மேலே பாட்டுப் புத்தகம். எழுந்து போய்த் துணியைத் தூக்கினேன். கீபோர்டு. பூச்சி அரிக்காமல் இருக்கத் துணிக்கு அடியில் நாலு அந்துருண்டை. கீபோர்டின் பின்னால் வயர் சொருகுகிற ஓட்டை காலியாக இருந்தது. பக்கத்துச் சுவர்ப் பிளக்கும் காலி.

"இதுக்கு வயரு எங்கம்மா?"

தங்கபாய் தன் கணவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஷெட்டுல இருக்கு."

"ஏட்டி, நீ ஷெட்டுக்குள்ள போனியா?" என்றார் ஜெபசீலன். அவர் முகத்தில் மலர்ச்சி போய்விட்டது.

பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலம் ஞானாபரணம் வாத்தியார் இறந்துபோனார். ஏழரை மணிக்குச் சபைக் கோயில் வேலைக்காரர் சிலுவைதாசன் வாசலில் வந்து நின்றார். அறிவிப்பு வண்டியில் மைக் செட்டின் பேட்டரி செத்துவிட்டது, உங்கள் ஷெட்டில் ஒன்று உண்டாமே, ஒரு நாளைக்குத் தருவீர்களா என்று கேட்டார். ஜெபசீலன் அப்போது விருந்தாளிகளுக்கு மீன் வாங்கப் போயிருந்தார்.

"சாவுக்குக் கேட்டா இல்லன்னு சொல்லப்பிடாது ஏட்டையா. பாய் கேட்டாலும் குடுக்கணும், பானை கேட்டாலும் குடுக்கணும். நான் எடுத்துக் குடுத்தேன். ஆனா அந்தப் பச்ச லைட்டு அணைஞ்சு போச்சு. விருந்துக்கு ஆளு வருத நேரம். கீபோர்டு வயரைச் சொருகிப் பாத்தேன். சேந்துது. லைட்டு எரிஞ்சுது. நல்ல காரியந்தான் செய்தேன்னு நெனச்சேன்."

மூன்று நாளும் அவருக்கு அது குற்றமாகவே படவில்லை. விளக்கு எரிந்ததே. டெனிஷ் லேப்டாப்பில் எதையோ மாற்றிவிட்டான் என்று கணவர் சொன்னதை நம்பியிருக்கிறார். இன்று நான் வாசலில் நின்று பேட்டரி எங்கே என்று சத்தமாகக் கேட்டபோதுதான் அடுக்களையில் அவருக்கு விளங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அடுப்பில் டீ கறுத்திருக்கிறது.

"சரி, பேட்டரி போன வண்டி எது?" என்று கேட்டேன்.

தங்கபாய் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"அந்தா நிக்குதே. அதாக்கும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வெளியே வேப்பமரத்தடியில் எலிசாவின் ஆட்டோ நின்றது.

எலிசாவைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவள் வாயில் வார்த்தை வராமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போய் சீட்டைத் தூக்கி, சாக்கைப் பிரித்தாள். கறுப்பு பேட்டரி. மேலே வெள்ளை மையில் 'டெனிஷ்'.

"சிலுவைதாசன் அண்ணன் சாக்குல பொதிஞ்சு, அவியளே வயரு மாட்டித் தந்தாவ. எங்கேருந்து எடுத்ததுன்னு நானும் கேக்கல்ல" என்றாள் கடைசியில். "சத்தம் நல்லாக் கேக்குதேன்னு நானும் சந்தோசப்பட்டேன். இந்த வாரம் மூணு சாவு. திருப்பிக் குடுக்க நேரமே இல்ல." பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, "இதத் தேடி இதுமேலயே உக்காந்து அழகியமண்டபம் போயிட்டு வந்திருக்கோம் ஏட்டையா" என்றாள்.

என் குதிகாலுக்கு அது முன்பே தெரியும். மூக்கை நம்பினேன், காலை நம்பவில்லை.

டெனிஷுக்குப் போன் போட்டு, அவன் சொல்லச் சொல்ல எலிசா மாட்டினாள். சுவர் வயரை முழுதாகக் கழற்றி வெளியே வைத்தாள். பச்சை விளக்கு அதேபோலத்தான் எரிந்தது. விளக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. லேப்டாப்பில் கடைசி நாலு எண்களும் தள்ளாடின, ஒவ்வொன்றாக நின்றன. எலிசா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். எண் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது.

"நரைச்ச முடி. அதான் பாரம் கூடுதல்" என்றாள். வாய் திரும்பிவிட்டது.

ஜெபசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, மனு உங்கள் கையில் இருக்கிறது, கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றார். குரலில் ஏதோ அவசரம். நான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். கிழிக்கும் முன் விரலால் பின்பக்கம் தடவினேன். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் காகிதத்தின் பின்னால் எழுத்து தடிப்பாகத் தட்டுப்படும். முப்பத்தொரு வருஷம் மனு வாங்கின விரல். இது வழவழ என்று இருந்தது.

"இது ஜெராக்ஸ்."

அவர் தரையைப் பார்த்தார்.

"அசலு எங்க ஓய்?"

காலையில் பத்து மணிக்கே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட வந்திருக்கிறார். நான் துப்புத் துலக்க அல்ல, சாட்சி சொல்ல வரவழைக்கப்பட்ட ஆள். நான் கோபப்படவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். பேட்டரியைக் கழற்றச் சொன்னேன், அத்தாட்சிக்கு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏறச் சொன்னேன்.

ஸ்டேஷனில் எழுத்தர் என்னைவிடச் சின்னவர், முகம் தெரிந்தவர். மனு மேசையில் மற்ற மனுக்களோடு இருந்தது. இன்னும் நம்பர் போடவில்லை, சாயங்காலம்தான் போடுவேன் என்றார். நான் மூச்சு விட்டேன். நம்பர் விழாத மனு வெறும் காகிதம். விழுந்துவிட்டால் அது டெனிஷின் பெயருக்குப் பின்னாலேயே நடக்கும்.

மனுவைத் திரும்பப் பெற, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெபசீலன் பேனாவை எடுத்து 'தவறான புரிதல் காரணமாக' என்று ஆரம்பித்தார். நான் கையை வைத்து மறித்தேன்.

"யாருடைய தவறு, என்ன புரிதல், அதை எழுதும். நாளைக்கு அந்தப் பையனை விசாரிக்க வாறவன் இதப் படிப்பான். மொட்டையா எழுதினா, சமாதானமாப் போனாங்க, ஆனா பயல் களவாண்டது நெசம்னு அவன் நெனப்பான்."

அவர் பேனா நகரவில்லை. சபையில் சொன்ன வார்த்தை, ஷெட்டுக்குள் போன மனைவி, எல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றன. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தங்கபாய் அவர் விரலிலிருந்து பேனாவை எடுத்தார். நின்றுகொண்டே, மேசையில் குனிந்து எழுதினார். பாட்டுப் புத்தகத்துக்குக் கோடு போடுகிறவரின் வட்ட எழுத்து. 'பேட்டரியை எடுத்துக் கொடுத்தது நான். வேறு வயரைச் சொருகினதும் நான். டெனிஷ் ஒரு குற்றமும் செய்யவில்லை. டெனிஷை ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் மனுக் கொடுத்துவிட்டார்.' கையெழுத்துப் போட்டு, பேனாவைக் கணவர் பக்கம் நீட்டினார். ஜெபசீலன் அதற்குக் கீழே போட்டார். எழுத்து சின்னதாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம சபையிலயும் இதே எழுத்த வாசிக்கணும்" என்றார் தங்கபாய். ஜெபசீலன் ம் என்றார்.

வெளியே வந்தபோது எலிசாவின் போன் அடித்தது. கேட்டாள். முகம் மாறியது. பேசினது சிலுவைதாசன். மேலத்தெருவில் ஒருவர் இறந்துவிட்டார், அடக்கம் நாளைக்குப் பத்து மணி, இருட்டும் முன் அறிவிப்புப் போக வேண்டும்.

நாலு பேரும் என் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தோம். எலிசா தங்கபாயைப் பார்த்தாள். தங்கபாய் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட கேக்காண்டாம். பேரு எழுதினவன்கிட்ட கேளு."

எலிசா டெனிஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மனுவைத் திரும்ப வாங்கியாயிற்று என்று முதலில் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுவது கேட்டது. பிறகு பேட்டரியைக் கேட்டாள்.

"சாவுக்கா?" என்றான் டெனிஷ். "எடுத்துக்கிடுங்க அக்கா. சாவுக்கு இல்லன்னு சொல்லப்பிடாது." மூக்கை உறிஞ்சினான். "ஆனா தங்கபாய் அக்காட்ட சொல்லணும். வேற வயரு ஒண்ணும் சொருகாண்டாம். அந்த லைட்டு அணைஞ்சே கெடக்கட்டும்."

தங்கபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

சாக்கில் பொதிந்து பேட்டரியை சீட்டுக்கு அடியில் வைத்தேன். ஏறி உட்கார்ந்தேன். அது குதிகாலில் இடித்தது. இந்தத் தடவை காலைத் தள்ளி வைக்கவில்லை.